குழுவுக்காக எழுதிய கை: பார்பரா தாம்சனின் ஜாஸ் வாழ்வு

பிரிட்டிஷ் சாக்ஸபோன் கலைஞர் பார்பரா தாம்சன் 2022 ஜூலை 9 அன்று மறைந்தார். அவரைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு கதைகளைச் சுற்றியே வருகின்றன. ஆண்கள் நிறைந்த மேடையில் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு நின்ற துணிச்சலான பெண் என்பது முதல் கதை. பார்க்கின்சன் நோயோடு இருபத்தைந்து ஆண்டுகள் போராடியபடி இசையை விடாமல் பிடித்திருந்தவர் என்பது இரண்டாவது. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் அவர் என்ன இசையைப் படைத்தார், அதை யாருக்காக எப்படி எழுதினார் என்ற கேள்விகளுக்கு இரண்டிலுமே விடை கிடையாது. தாம்சன் அடிப்படையில் ஓர் இசையமைப்பாளர். குழுவை மனத்தில் வைத்து எழுதியவர். அவருடைய வாசிப்பே அந்த எழுத்திலிருந்து கிளைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். ஜாஸ் வரலாறு தனி வாசிப்பாளரை அளக்கும் கோலை வைத்துக்கொண்டு அவரை அளந்ததால்தான் அவர் உரிய இடத்தைப் பெறவில்லை.

அந்த அளவுகோல் எப்படி உருவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லூயி ஆம்ஸ்ட்ராங், சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன் என்று ஒரு மேதையிடமிருந்து அடுத்த மேதைக்குத் தாவிச் செல்வதாகவே ஜாஸ் வரலாறு வழக்கமாக எழுதப்படுகிறது. நம் கச்சேரி மரபில் மனோதர்மம் என்று சொல்லப்படுவதற்கு நெருக்கமான அந்த உடனடிக் கற்பனையே அங்கு உச்சப் பெருமை. டியூக் எலிங்டன், சார்லஸ் மிங்கஸ், கில் எவன்ஸ் போன்ற எழுத்தாளுமைகளுக்கு அதில் இடம் உண்டு. என்றாலும் அவர்கள் விதிவிலக்குகளாகவே வருகிறார்கள். பெண்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. பாடகி என்றால் வாசல் திறந்திருந்தது. மேரி லூ வில்லியம்ஸைப் போல அசாத்தியத் திறமை இருந்தால் பியானோவுக்கு முன்னால் உட்காரலாம். ஊது கருவி மட்டும் ஆண்களுடையது என்பது எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறிய பெண்கள் முன்பே இருந்தார்கள். லீட்ஸ் நகரில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஐவி பென்சன் 1939இல் பெண்கள் மட்டுமே கொண்ட நடன இசைக்குழுவைத் தொடங்கினார். 1943இல் அது பிபிசியின் நிலையக் குழுவாகவே அமர்ந்தது. கேத்தி ஸ்டோபார்ட், ஹம்ஃப்ரி லிட்டல்டனின் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் சாக்ஸபோன் கலைஞர் வை ரெட் 1967இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் மன்றத்துக்கு வந்து, சில வார ஏற்பாட்டைப் பல வாரங்களாக நீட்டிக்க வைத்தார். இவர்களை மீட்டெடுக்கும் பணியை லிண்டா டால் 1984இல் வெளியிட்ட நூலும், ஷெரி டக்கர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்விங் ஷிஃப்ட்' நூலும் தீவிரமாகச் செய்தன. போருக்குப் போன ஆண்களின் இடத்தை நிரப்ப வந்தவர்களே பெண் இசைக்குழுவினர் என்ற பழைய விளக்கத்தை டக்கர் தகர்த்தது பெரிய பங்களிப்பு. ஆயினும் இந்த மீட்பு வரலாறும் 'யார் வாசித்தார்கள், யார் மேடையில் நின்றார்கள்' என்ற கேள்வியிலேயே கூடுதலாக நிலைகொண்டது. 'யார் எழுதினார்கள்' என்ற கேள்வி பின்னுக்குப் போனது. தாம்சனுக்கு நேர்ந்ததும் அதுதான்.

1944 ஜூலை 27 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த தாம்சன், லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் கிளாரினெட், பியானோ, புல்லாங்குழல் ஆகியவற்றோடு இசையமைப்பையும் முறையாகப் பயின்றார். எலிங்டனின் இசையும் கோல்ட்ரேனின் இசையும் அவரை ஜாஸ் பக்கமும் சாக்ஸபோன் பக்கமும் இழுத்தன. இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து வருவதைக் கவனிக்க வேண்டும். கோல்ட்ரேன், ஒரு கருவியின் எல்லை வரை போய்ப் பார்த்தவர். எலிங்டனோ தம் குழுவிலிருந்த ஒவ்வொருவரின் ஒலியையும் மனத்தில் இருத்தி அவரவர்க்கென்றே எழுதியவர். கோல்ட்ரேனின் தாக்கத்தைப் பற்றிப் பேசுவதோடு தாம்சனைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. எலிங்டனிடம் பெற்ற பாடமே அவருடைய ஐம்பதாண்டுப் பணியைத் தாங்கியது என்பது என் கணிப்பு.

அந்தப் பாடம் செயலில் கிடைத்த இடம், நீல் ஆர்ட்லி நடத்திய நியூ ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா. 1960களின் பிரிட்டிஷ் ஜாஸ் அமெரிக்க நகல் என்ற நிலையிலிருந்து விலகி, எழுத்தில் தன் முகத்தைத் தேடத் தொடங்கியிருந்தது. மைக் வெஸ்ட்புரூக், மைக் கிப்ஸ், மைக்கேல் கேரிக், கென்னி வீலர் என்று பெரிய குழுவுக்கு எழுதத் தெரிந்த ஒரு தலைமுறையே அங்கு இருந்தது. 1968இல் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த அக்குழுவின் இசைத்தட்டில், டிக் ஹெக்ஸ்டால் ஸ்மித் உள்ளிட்ட சாக்ஸபோன் வரிசையில் தாம்சனும் ஒருவர். 1976இல் ஆர்ட்லி, பாலித் தீவின் பெலோக் சுர வரிசையை அடிப்படையாக வைத்து 'கலைடாஸ்கோப் ஆஃப் ரெயின்போஸ்' என்ற நீண்ட படைப்பை உருவாக்கியபோதும் தாம்சன் அதில் வாசித்தார். ஐந்து சுரங்களின் எல்லைக்குள் ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமான கட்டடத்தை எப்படி எழுப்புவது என்பதை உள்ளிருந்தே பார்க்கும் வாய்ப்பு அது. ஒரு வாசிப்பாளர் தம் முறை வரும்வரை காத்திருந்து, வாசித்து முடித்து அமரலாம். இசையமைக்கத் தெரிந்தவருக்கோ அப்படிப்பட்ட குழுவே கல்லூரி.

1975ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அவர் மூன்று குழுக்களின் தொடக்கத்தில் பங்குகொண்டார். அப்போது வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அந்த மூன்று குழுக்களின் அமைப்பையும் வரிசையாகப் பார்த்தாலே அவருடைய மனம் எப்படி இயங்கியது என்பது விளங்கும்.

யுனைட்டெட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிள், ஸ்டுட்கார்ட்டில் இளைஞர்களுக்கான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சேர்ந்த குழு. வோல்ஃப்காங் டவுனர், ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப், எபர்ஹார்ட் வெபர், ஃபோல்கர் கிரீகல், இயன் கார், சார்லி மரியானோ என்று ஒவ்வொருவரும் தனித்தனியே குழுத் தலைவர்கள்; அதனாலேயே அது தலைவர்களின் குழு என்று பெயர் பெற்றது. அவர்களுக்கிடையே இருந்த ஒரே பெண் தாம்சன். (மரியானோ தென்னிந்திய நாகசுரத்தைக் கற்று ஜாஸ் மேடையில் வாசித்தவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம், அவருக்குப் பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் வாசித்தவர் தாம்சன்.) அந்தக் குழுவில் எல்லோரும் எழுதினார்கள், தாம்சனும் எழுதினார். அவர் எழுதியதை அத்தகைய தலைவர்கள் வாசித்தார்கள். 'ஒரே பெண்' என்று வியக்கும் கட்டுரைகள் இந்த எளிய செய்தியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

இரண்டாவது குழு ஜூபியாபா. ஒன்பது பேர், லத்தீன் அமெரிக்கத் தாளங்களை ராக் இசையோடு பிணைத்தது. நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1978இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்ட மூன்றாவது குழு பாராஃபெர்னேலியாதான் அவருடைய வாழ்நாள் பட்டறை. விசைப்பலகையில் பீட்டர் லெமர் பல காலம் இருந்தார். பாஸ் கிதார் கலைஞர்கள் மாறினார்கள். பின்னாளில் வயலின் சேர்ந்தது. டிரம்ஸில் அவருடைய கணவர் ஜான் ஹைஸ்மன். இசையில் பெரும்பகுதி தாம்சன் எழுதியது.

பாராஃபெர்னேலியாவின் இசையைக் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது மெட்டு. முனகிக்கொண்டே நடக்கக்கூடிய, நாட்டார் பாடலின் எளிமையுள்ள மெட்டுகள் அவை. அந்த எளிமைக்குக் கீழே தாளக் கணக்கு நுட்பமாகப் புரண்டுகொண்டிருக்கும். சோப்ரானோ சாக்ஸபோனும் வயலினும் ஒரே சுரக்கோவையைச் சேர்ந்து எடுக்கும்போது இரண்டும் கலந்து மூன்றாவது ஒரு கருவியின் ஒலி பிறக்கிறது. இது மேடையில் தற்செயலாக நேர்வதில்லை. எந்த உயரத்தில் எந்தக் கருவி மெலியும், எங்கே கனக்கும் என்று கணக்கிட்டு எழுதினால்தான் கிடைக்கும். தனி வாசிப்புகள் நீளமாகவே வரும். ஆனால் அவை தொடங்கும் இடமும் முடியும் இடமும் எழுத்தில் தீர்மானமாகியிருக்கும். குறையும் இல்லாமல் இல்லை. 1980களின் மின்னணு விசைப்பலகை ஒலிகள் சில தட்டுகளை அந்தக் காலத்தோடு கட்டிப்போட்டுவிட்டன. இன்று கேட்கையில் எழுத்தின் தரத்துக்கு அந்த ஒலி ஈடுகொடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. இதே இசையைப் புதிய குழு ஒன்று வேறு ஒலியில் வாசித்தால் அதன் எலும்புக்கூடு எவ்வளவு உறுதி என்பது தெரியவரும்.

தீவிர ஜாஸ் அன்பர்கள் அவரிடம் மன்னிக்காத ஒன்று உண்டு. அது ஆண்ட்ரூ லாயிட் வெபரோடு அவர் செய்த பணி. பாகானினியின் 24ஆம் கப்ரீஸ் மெட்டை எடுத்து லாயிட் வெபர் தம் தம்பி ஜூலியனின் செல்லோவுக்காக எழுதிய 'வேரியேஷன்ஸ்' 1978இல் வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதில் புல்லாங்குழல், ஆல்டோ புல்லாங்குழல், சாக்ஸபோன்கள் ஆகியவை தாம்சனுடையவை. 'கேட்ஸ்', 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்', 'ரெக்வியம்' ஆகியவற்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது. டேவிட் ஜேசன் நடித்த 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்' என்ற காவல்துறைத் தொடரைப் பார்த்த பிரிட்டிஷ் குடும்பங்கள், பெயர் தெரியாமலேயே அவருடைய சாக்ஸபோனை ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். இதையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கான விலகல் என்று ஒதுக்குவது எளிது. ஒதுக்குபவர்கள் ஒரு செய்தியை மறக்கிறார்கள். பதிவுக்கூடத்தில் முன்பின் பார்த்திராத தாளைப் பார்த்து முதல் முறையே பிழையின்றி வாசிக்கவும், பிறர் எழுதியதன் நோக்கத்தை உடனே பிடித்துக்கொள்ளவும் வேண்டும். எழுதுபவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறு இல்லை. தாளில் எழுதியது எங்கே உயிர் பெறுகிறது, எங்கே வெறும் மையாகவே நின்றுவிடுகிறது என்பதை வாசிப்பவரின் நாற்காலியிலிருந்தே அறியலாம்.

பணத்தையும் பதிவு உரிமையையும் விட்டுவிட்டு ஒரு கலைஞரின் வாழ்வை எழுதினால் அது பாதி எழுத்துதான். 1980களின் தொடக்கத்தில் தாம்சனும் ஹைஸ்மனும் லண்டனின் தெற்கே சட்டனில் இருந்த தங்கள் வீட்டிலேயே பதிவுக்கூடம் அமைத்தார்கள். 'டெம்பிள் மியூசிக்' என்ற பெயரில் பதிப்பும் வெளியீடும் நடந்தன. ஒலிப்பதிவுப் பொறியாளராக ஹைஸ்மனே அமர்ந்தார். ரசிகர்களில் பெரும் பகுதியினர் ஜெர்மனியில் இருந்தார்கள். அந்நாட்டு நகரங்களின் அரங்குகளை நோக்கிக் குழுவினர் ஆண்டுதோறும் பயணம் போனார்கள். லண்டன் விமரிசகரின் தயவும் பெரிய நிறுவனங்களின் தயவும் இல்லாமல் ஒரு குழு முப்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: புகழ்பெற்ற கணவர் துணை நின்றதால் இது சாத்தியமானது, மற்றப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே? ஹைஸ்மன் 1968இல் கொலோசியம் என்ற புகழ்பெற்ற ஜாஸ்-ராக் குழுவை நிறுவியவர் என்பது உண்மை. 1967இல் திருமணம் நடந்தபோதும் அடுத்த பத்தாண்டிலும் அவர் பெயரே பெரியது. ஆனால் பாராஃபெர்னேலியாவில் தலைமை மனைவியுடையது. கணவர் அவருடைய டிரம்மர். சமையலும் பிள்ளை வளர்ப்பும் பயண ஏற்பாடும் மனைவியர் பார்த்துக்கொள்ள, மேதைகளாக மலர்ந்த ஆண் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் அந்தத் துணை ஒரு வரியோடு முடிகிறது. யாரும் அதைச் சாதனையின் மதிப்பைக் குறைக்கும் காரணமாகச் சொல்வதில்லை. தாம்சன் விஷயத்தில் மட்டும் அது மறுப்பாக முளைப்பதே நம் அளவுகோலின் கோணலைக் காட்டுகிறது.

என் வாதத்துக்கு எதிர்ச்சான்றாகத் தோன்றும் ஒரு பதிவு இருக்கிறது. தென் பிரான்ஸில் உள்ள தொரோனே மடாலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிஸ்டர்சிய துறவிகளின் கல் கட்டடம். ஒலி அங்கே சுவரில் பட்டு நெடுநேரம் தங்கிவிடும். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாக நின்று அங்கே வாசித்து 'சாங்ஸ் ஃப்ரம் தி சென்டர் ஆஃப் தி எர்த்' என்ற தட்டைத் தாம்சன் பதிவு செய்தார். குழுவுக்காக எழுதுபவர் என்றால் இந்தத் தனிமை எதற்கு? கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். சில இடங்களில் எதிரொலி கரையும் வரை அவர் பொறுக்கிறார். மற்ற இடங்களில் அது கரைவதற்குள் அடுத்த சுரத்தை வைக்கும்போது, முந்தைய சுரமும் புதிய சுரமும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒரே நேரத்தில் ஒரே சுரத்தை ஒலிக்கவல்ல கருவியிலிருந்து கூட்டுச் சுரங்கள் எழுகின்றன. சுவரையே இரண்டாவது வாசிப்பாளராக வைத்து அந்த இசையைத் திட்டமிட்டிருக்கிறார். வேகமும் விரல் ஜாலமும் காட்ட வேண்டிய இடத்தில் இடைவெளியை அளந்து வைப்பது இசையமைப்பாளரின் புத்தி.

1996இல் அவருக்கு இசைப்பணிக்காக எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டே பார்க்கின்சன் நோய் என்று கண்டறியப்பட்டது. மூளையில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வருவது இந்நோய்; நடுக்கம், விறைப்பு, அசைவில் மந்தம் மூன்றும் சேரும். சாக்ஸபோன் வாசிப்பவருக்கு இது என்ன செய்யும் என்பதைக் கருவியின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இடது கட்டைவிரல் மேல்ஸ்தாயி விசையைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். இரு கைகளின் மற்ற விரல்களும் ஒன்றுக்கொன்று கணநேரமும் பிந்தாமல் மூடித் திறக்க வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் இடையில் வேண்டாத சுரம் ஒன்று எட்டிப் பார்க்கும். உதட்டுத் தசை நாணல் தக்கையை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க, நாக்கு அதைத் தட்டிச் சுரங்களைப் பிரிக்க வேண்டும். விரல், உதடு, நாக்கு, மூச்சு என எல்லாவற்றிலும் நோய் கைவைக்கிறது. லெவோடோபா மாத்திரை சில மணி நேரத்துக்கு அசைவை மீட்டுத் தரும், பிறகு கைவிடும். நோய் முற்ற முற்ற அந்த இடைவெளிகளைக் கணிப்பது கடினமாகும். கச்சேரி தொடங்கும் நேரமோ அரங்கத்தின் கையில் இருக்கிறது.

2001இல் விடைபெறும் பயணத்தோடு மேடை வாசிப்பை நிறுத்தினார். முழுநேரமும் எழுதினார். வழக்கமான கதை இந்த இடத்தில் அவரை ஆறுதல் பரிசு பெற்றவராக்குகிறது: கை ஓய்ந்ததால் பேனா எடுத்தார் என்று. காலவரிசை அதை ஏற்கவில்லை. கல்லூரியில் இசையமைப்பு பயின்றது நோய்க்கு முப்பதாண்டு முன்னால். சாக்ஸபோன் கன்செர்ட்டோக்களும், நால்வர் குழுவுக்கான படைப்புகளும், 'மூவிங் பார்ட்ஸ்' என்ற பெரிய குழுவுக்கான எழுத்தும், தொலைக்காட்சி, திரைப்பட இசையும் அவருடைய பட்டியலில் இருக்கின்றன. நோய் அவரை இசையமைப்பாளராக்கவில்லை. வாசிப்பின் ஒளி குறைந்தபோதுதான் வரலாற்றாசிரியர்களின் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியத் தொடங்கியது.

அதே வேளை, 'அவர் முதலில் இசையமைப்பாளர்' என்ற என் வாதத்தை நீட்டிக்கொண்டே போய், வாசிப்பு அவருக்கு இரண்டாம்பட்சம் என்று முடித்தால் அதுவும் அநீதி. 2003இல் அவர் மேடைக்குத் திரும்பினார். கொலோசியத்தில் ஹெக்ஸ்டால் ஸ்மித் நோயுற்றபோது அவருடைய இடத்தில் தாம்சன் நின்றார்; 2004 டிசம்பரில் ஹெக்ஸ்டால் ஸ்மித் காலமானார். 1968இல் அருகருகே நின்று வாசித்த இருவரில் ஒருவரின் இடத்தை மற்றவர் ஏற்றார். 2015 பிப்ரவரி 28 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் நடந்த அக்குழுவின் விடைபெறும் கச்சேரி வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. மைக் டிப் இயக்கிய 'பிளேயிங் அகெய்ன்ஸ்ட் டைம்' என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படம், மருந்துக்கும் இசைக்கும் இடையே அவர் வாழ்ந்த நாள்களைப் பதிவு செய்திருக்கிறது. எழுதினால் மட்டும் போதும் என்று அவர் ஒருநாளும் சமாதானம் அடையவில்லை. எழுதியதைத் தம் மூச்சாலும் சோதித்துப் பார்க்க விரும்பினார். எலிங்டனும் பியானோவை விட்டு எழுந்திருக்கவில்லை அல்லவா?

ஹைஸ்மன் 2018 ஜூனில் மறைந்தார். 2020இல் தாம்சனின் தன்வரலாறு வெளிவந்தது. பிபிசியில் அவர் வாசித்த பதிவுகள் 14 குறுந்தட்டுகள் கொண்ட தொகுப்பாகக் கிடைக்கின்றன. சான்றுகள் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. பெண் கலைஞர்கள் என்ற தனி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் அவருக்கு இரண்டு பத்தி ஒதுக்குவதைக் கைவிட்டு, ஆர்ட்லி, வெஸ்ட்புரூக், கிப்ஸ், வீலர் ஆகியோரைப் பேசும் அத்தியாயத்திலேயே அவரையும் சேர்த்துப் பேச வேண்டும். அதற்கு முதல் வேலை, அவருடைய சுரக்குறிப்புத் தாள்களை ஆய்வாளர்கள் மேசைக்குக் கொண்டுவருவது. இரண்டாவது வேலை இசைக் கல்லூரிகளுடையது. அந்தத் தாள்களை மாணவர் குழுக்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவரோடு வாசித்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.